வாள் போன பிறகும் நிலைத்த களரி

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழில் எழுதப்பட்ட வர்மச் சுவடிகளோடு அடிமுறை என்னும் தெற்கத்திப் போர்க்கலை வேரூன்றியிருந்த மண் அது. அதே ஆண்டில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கோவிந்தன்குட்டி நாயர் ஒரு களரியை, அதாவது களரிப்பயற்றுப் பயிற்சிக்கூடத்தை, தொடங்கினார். அவர் கற்பித்ததோ அந்தத் தெற்கத்தி முறையல்ல, மலபாரின் தலைச்சேரியிலிருந்து வந்த வடக்கன் முறை. களரியின் பெயரிலுள்ள சி.வி.என். என்பது 1944-இல் மறைந்த அவருடைய தந்தை சி.வி. நாராயணன் நாயரைக் குறிக்கும். கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் கற்றவர் அந்தத் தந்தை. ஆக, அந்த நகரில் வழிவழியாக நின்ற ஒன்று காப்பாற்றப்பட்டது என்று சொல்ல இடமில்லை. வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. ஏன் பிடித்தது என்பதற்குப் பலரும் வாளையும் சுருள்வாளான உறுமியையும் காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதம் தொடுவதற்கு முன் உடம்பை நீட்டி, வளைத்து, தாழ்த்தி, முதுகெலும்பைச் சீராக்கும் மெய்த்தாரிதான் களரியை வாழவைத்தது.

ஆயுதத்துக்கு வேலை முடிந்து அப்போதே நெடுங்காலம் ஆகியிருந்தது. 1805-இல் பழசிராஜா வீழ்ந்தபின் மலபாரில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1809-இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கலகம் அடங்கியதும் அந்நாட்டின் நாயர் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. துப்பாக்கிக் காலத்தில் வாள் கற்ற பிள்ளைக்கு எந்தச் சேவகம் கிடைக்கும்? ஆனால் உடம்பு வேலை தொடர்ந்தது. கதகளி மாணவர்களை மழைக்காலத்தில் எண்ணெயிட்டு மிதித்து உழிந்து, கண்ணும் காலும் இடுப்பும் பழக்கும் வழக்கம் களரியின் உறவுதான். எலும்பும் சதையும் பிசகியவர்களுக்குக் களரி ஆசானாகிய குருக்கள் வைத்தியராகவும் இருந்தார். கிழக்கேகோட்டைக் களரியும் காலையில் பயிற்சி, பிறகு மர்ம சிகிச்சை என்றே நடக்கிறது.

பயிற்சியைப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். மரபான களரி 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாகத் தரையைத் தோண்டி அமைப்பது. எண்ணெய் பூசி, இடுப்பில் கச்சையை இறுக்கிக் கட்டி, ஆசான் சொல்லும் வாய்மொழிக் கட்டளையான வாய்த்தாரிக்கேற்ப மாணவன் இயங்குகிறான். தலைக்கு மேல் நீட்டிய கையைத் தொடும்படி நேர்க்காலை வீசும்போது தொடையின் பின்தசை நீளும். யானை, சிங்கம், குதிரை, பன்றி முதலான வடிவுகளில் தாழும்போது இடுப்பு மூட்டு திறக்கும். தாழ்ந்தாலும் முதுகு கூனக் கூடாது, கண் தாழக் கூடாது. 1813-இல் ஸ்டாக்ஹோமில் லிங் தொடங்கிய நிறுவனத்திலிருந்து பரவிய ஐரோப்பிய உடற்பயிற்சி மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கட்டளைக்குக் கைகாலை நீட்டவும் நிமிர்ந்து நிற்கவும் பழக்கியது. நம் பள்ளிகளின் டிரில் அந்த வகை. களரி கேட்பது வேறு: பாரம் இறங்கும்போதும் திரும்பும்போதும் நீண்டே இருக்கும் முதுகு. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான நிலை கிடையாது, அசைவுதான் முக்கியம் என்று இன்றைய பிசியோதெரபிஸ்டுகள் பலர் சொல்வதற்கு, டிரில்லைவிட இது அருகில் நிற்கிறது.

இது கொல்லக் கற்ற கலை, நிமிர்வு அதன் உபவிளைவு மட்டுமே என்று மறுக்கலாம். தோற்றத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். 11-ஆம் நூற்றாண்டின் சேர–சோழப் போரோடு களரியை இணைத்தார் வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை. அந்த நூறாண்டுப் போரையே பின்னர் எம்.ஜி.எஸ். நாராயணன் மறுத்தார். அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், ஒரு கலை எதற்காகப் பிறந்தது என்பதும் எதனால் பிழைத்தது என்பதும் ஒன்றல்ல. மெய்த்தாரி, கோல்தாரி (மர ஆயுதம்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), வெறுங்கை என்ற வரிசையில் மெய்யில் தேறாதவன் கோலைத் தொட முடியாது. நாற்பது வயதில் நாற்காலியிலிருந்து எழுந்து வருபவரின் முழங்கால் பன்றி வடிவைத் தாங்குமா என்ற கேள்வி அந்த மறுப்பைவிட நியாயமானது. தாங்காமல் போகலாம். களரி சிறுவயதில் தொடங்குவதற்கென்றே அமைந்த முறை. முதுகுவலிக்கு யாவருக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வோர் அதைச் சொல்வதில்லை.

1976 முதல் கோவிந்தன்குட்டி நாயரிடம் கற்ற அமெரிக்கர் பிலிப் சாரில்லி, அங்கிருந்து கொண்டுபோனதை நடிகர்களைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தினார்; வாள்வீரர்களை உருவாக்க அல்ல. சுற்றுலாக் காட்சிகளில் உறுமிதான் இன்னும் கைதட்டு வாங்குகிறது. ஆனால் கேரளத்துக் களரிப் போட்டிகளில் மெய்ப்பயற்று தனிப் பிரிவு. எதிராளி இல்லை, ஆயுதம் இல்லை. நடுவர்கள் பார்ப்பது அந்த உடம்பை மட்டுமே.