கரகரப்பும் சிதைவும்

1951 மார்ச்சில், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்த சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஐக் டர்னரின் இசைக்குழு வந்துசேர்ந்தபோது, கிதார் கலைஞர் வில்லி கைசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே சேதமுற்றிருந்தது. மழையில் நனைந்ததா, காரிலிருந்து விழுந்ததா என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துப் பதிவைத் தொடர்ந்தார் ஃபிலிப்ஸ். 'ராக்கெட் 88' பாடலின் கரகரப்பு அவ்வாறு வாய்த்தது.

மின்கிதாரின் வரலாறு ஒருவகையில் பழுதுகளின் வரலாறு. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' 1961இல் வெளிவந்தது. நாஷ்வில்லில் அது பதிவானபோது கலவை மேசையின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் வண்டுபோல் ரீங்கரித்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அத்துடன் நிற்கவில்லை. அதே ஒலியை டிரான்சிஸ்டர்களால் மீண்டும் உண்டாக்க முயன்றார். அம்முயற்சியின் பயனே 1962இல் கிப்ஸன் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். பழுதைக் காலால் மிதித்து வரவழைக்கும் பெட்டி! 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்த பிறகே அதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவரப் பிளேடால் ஸ்பீக்கரைக் கீறியிருந்தார்.

வால்வு ரேடியோவை அறிந்த தலைமுறைக்கு இதன் காரணம் விளங்கும். தாங்கும் எல்லையை நெருங்கும்போது வால்வு, ஒலியலையின் உச்சியைச் சட்டென வெட்டுவதில்லை, மழுக்குகிறது. மூல சுரத்தின் மடங்குகளான மேல்சுரங்கள் கூடுகின்றன, ஒலி தடிக்கிறது. ஆகவே ஆம்ப்ளிஃபயரை முடிந்தவரை திணறவைப்பது கிதார் கலைஞர்களின் வழக்கமாயிற்று.

1990களில் இத்திணறலைக் கணக்கீடாக மாற்றினார்கள். லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998இல் வந்தது. பின்னர் அது கணினி மென்பொருளாயிற்று. கருவி மாறியது, கையின் பழக்கம் மாறவில்லை. இன்று மென்பொருளில் ஒலி அசிங்கமாக வெடிப்பதாகக் குறைபடுவோர் பலரிடம் நான் காண்பது அந்தப் பழைய வழக்கத்தையே. கணினிக்குள் நுழையும் வாயிலில், ஆடியோ இன்டர்ஃபேஸில், மழுக்கல் என்பது கிடையாது. எண்ணின் உச்சவரம்பைத் தாண்டிய அலை நேராக வெட்டுண்டு போகும். அங்கே சிவப்பு விளக்கு எரிந்தபின் மென்பொருளில் எதைக் குறைத்தாலும் பயனில்லை; வெட்டுண்டது வெட்டுண்டதுதான். குறைக்க வேண்டியது வாயிலின் அளவை.

ஸ்பீக்கர்ப் பெட்டியின் போலச்செய்தலை அணைத்துவிட்டுக் குளவிக்கூட்டைக் கேட்டதாக அஞ்சுவோரும் உண்டு. உண்மையான கிதார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைப் பெருமளவு விழுங்கிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இவையனைத்துக்கும் டிஸ்டார்ஷன் என்ற ஒரே சொல்தான். நாமாவது விரும்பியதைக் கரகரப்பு என்றும் விரும்பாததைச் சிதைவு என்றும் பிரித்து வழங்கலாம்.

சிதைவுகளில் நுட்பமானது ஒன்றுண்டு. நொடிக்கு 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையே பதிய முடியும். மென்பொருள் உண்டாக்கும் மேல்சுரங்கள் அதைத் தாண்டினால் மடங்கிக் கீழே இறங்கும், மூல சுரத்தோடு உறவின்றி. கண்டறிவது எளிது: உயர்ந்த சுரமொன்றில் தந்தியை இழுத்து மேலேற்றுங்கள். பின்னணியில் ஏதோ ஒன்று கீழே வழுக்குமானால், ஓவர்சாம்ப்ளிங் என்ற அமைப்பை இயக்கிப் பாருங்கள். கணினிக்கு வேலை கூடும், அந்தப் பேயொலி பெரிதும் அடங்கும்.