பத்து சென்டில் இயற்கைக் காய்கனித் தோட்டம்: மே மாதத் தண்ணீரைக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள்

ஏக்கர் கணக்கில் பயிர் செய்யும் குடும்பங்கள்கூட வீட்டுக்கான காய்கறியை வாரச் சந்தையில் விலை கொடுத்து வாங்குவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அந்தக் காயில் எந்த மருந்தை எத்தனை நாளுக்கு முன்பு அடித்தார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 300 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது தினமும் 1.2 கிலோ காய்கறி, 400 கிராம் பழம். வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் இடம் இருந்தால், இதில் பெரும்பகுதியை நஞ்சில்லாமல் நீங்களே விளைவிக்கலாம்.

ஆனால் ஆடியில் ஆர்வத்தோடு தொடங்கும் தோட்டங்களில் பல, அடுத்த சித்திரையைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் இதற்குப் பூச்சியோ நோயோ காரணமல்ல. மழைக்காலத் தண்ணீரை நம்பிப் பாத்தி போட்டு, மரம் நட்டு, கோடையில் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்ற முடியாமல் கைவிடுவதே காரணம். ஆகவே தோட்டத்தின் அளவை மே மாதத்தில் கிடைக்கும் தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

கடும் கோடையில் காய்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் தேவை. 4 அடி அகலம், 25 அடி நீளம் கொண்ட ஒரு பாத்தி 100 சதுர அடி, அதாவது சுமார் 9.3 சதுர மீட்டர். இதற்குத் தினமும் 46 லிட்டர், ஏறக்குறைய மூன்று குடம் வேண்டும். அப்படி 12 பாத்திகள் இருந்தால் தினமும் 37 குடம் ஊற்ற வேண்டும். 4 பாத்திகள் மட்டும் என்றால் 12 குடம் போதும். மூடாக்கு போட்டால் இன்னும் குறையும்.

நான்கு பேர் குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் சேர்ந்து நாளொன்றுக்கு 100 லிட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாழை ஒன்றுக்கு 15 லிட்டர் வீதம் ஐந்து வாழைக்கு 75 லிட்டர். மூன்று நாளுக்கு ஒருமுறை கன்றுக்கு 10 லிட்டர் வீதம் ஏழு மரக்கன்றுகளுக்கு, சராசரியாக நாளொன்றுக்கு 23 லிட்டர். வீணாகச் சாக்கடைக்குப் போகும் நீரிலேயே முதல் கோடையில் உங்கள் பழக்கன்றுகளைக் காப்பாற்றிவிடலாம்.

இந்த நீரை நேராகக் கன்றுகளுக்கு விட வேண்டாம். ஜல்லியும் மணலும் நிரப்பிய சிறு குழி வழியாக விட்டு, குழியின் ஓரத்தில் கல்வாழை நடுங்கள். சலவைத்தூள் அதிகம் கலந்த துணி துவைத்த நீரைத் தவிர்க்கவும். கீரைப் பாத்திக்குக் கழிவுநீர் கூடாது. பப்பாளிக்கும் வேண்டாம், அடியில் ஈரம் தேங்கினால் தண்டு அழுகிவிடும்.

இடம் பிரித்தல்

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. பாதியைப் பழ மரங்களுக்கும் பாதியைக் காய்கறிக்கும் ஒதுக்கலாம். மரங்கள் வடக்கிலும் மேற்கிலும், காய்கறி தெற்கிலும் கிழக்கிலும் இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் மர நிழல் வடக்குப் பக்கம் நீண்டு விழும். தெற்கில் மாமரம் வைத்தால் ஐந்தாம் ஆண்டில் காய்கறிப் பாத்திக்கு வெயில் இருக்காது. காய்கறிக்குத் தினமும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். மேற்கில் உள்ள மரங்கள் கோடையில் பிற்பகல் வெயிலையும் காற்றையும் தடுத்துத் தரும்.

பக்கத்து வயலில் மருந்து அடித்தால் சாரல் உங்கள் தோட்டத்துக்கு வரும். அந்தப் பக்கம் ஆடாதொடை, கிளுவை, அகத்தி ஆகியவற்றை நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமையுங்கள். வயல் வாய்க்காலின் வடிநீர் தோட்டத்துக்குள் வராமல் கரை போடுங்கள்.

பழ மரங்கள்

ஐந்து சென்டில் கீழ்க்கண்டவாறு நடலாம். ஒவ்வொரு மரத்துக்கும் விட வேண்டிய இடைவெளியைக் கொடுத்துள்ளோம்.

மா (ஒட்டுக்கன்று) – 1, 16 அடி
சப்போட்டா – 1, 20 அடி
எலுமிச்சை – 1, 16 அடி
கொய்யா – 2, 13 அடி
சீத்தா – 1, 13 அடி
மாதுளை – 1, 10 அடி
பப்பாளி – 4, 6 அடி
வாழை – 5, 6 அடி

இவற்றுக்குச் சுமார் 1,840 சதுர அடி ஆகும். மீதி இடத்தில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைக்கலாம். மா, கொய்யாவை ஆண்டுதோறும் கவாத்து செய்தால்தான் இந்த இடைவெளி போதும். இன்று கன்று சிறியதாக இருக்கிறது என்று இடைவெளியைக் குறைக்க வேண்டாம்.

சப்போட்டாவிலும் எலுமிச்சையிலும் பி.கே.எம். 1, கொய்யாவில் லக்னோ 49, சீத்தாவில் ஏ.பி.கே. 1 ஆகிய இரகங்கள் ஏற்றவை. பப்பாளியில் இரகத் தேர்வு முக்கியம். கோ 2 போன்ற இரகங்களில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. நான்கு மரம் வைத்தால் இரண்டு ஆணாகப் போகலாம். கோ 7 இரகத்தில் ஆண் மரம் வராது என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே நல்லது. நட்ட ஒன்பது, பத்து மாதத்தில் பப்பாளியும், ஓராண்டு வாக்கில் வாழையும் பலன் தரும். கொய்யாவுக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டு, மா, சப்போட்டாவுக்கு நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை மர இடைவெளியில் உளுந்து, தட்டைப்பயறு, நிலக்கடலை பயிரிடுங்கள். மரங்கள் நிழல் கட்டிய பின் சேனை, சேப்பங்கிழங்கு, மஞ்சள் வரும்.

குழியும் நடவும்

சித்திரை, வைகாசியில் குழி எடுத்து ஆறவிடுங்கள். மா, சப்போட்டாவுக்கு மூன்று அடி நீளம், அகலம், ஆழம். எலுமிச்சைக்கு இரண்டரை அடி. கொய்யா, பப்பாளி, வாழைக்கு ஒன்றரை அடி. சீத்தா, மாதுளைக்கு இரண்டு அடி. மரக்கன்றுக் குழிக்கு மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பவும். மக்காத சாணத்தைப் போட்டால் வேர்ப்புழுவும் கரையானும் சேரும்.

ஆடி முதல் புரட்டாசிக்குள் நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் இறங்கி, கன்று கோடையைத் தாங்கும். மாசி, பங்குனியில் நடுவதைத் தவிர்க்கவும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். மா ஒட்டுக்கன்றில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பூக்களையும் கிள்ளிவிட வேண்டும். வாழைக்கு, நோயில்லாத தாய்மரத்தின் வாள் போன்ற குறுகிய இலையுள்ள கீழ்க்கன்றை எடுங்கள்.

காய்கறிப் பாத்திகள்

பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கத்திலிருந்தும் கை எட்டினால் பாத்தியை மிதிக்க வேண்டியிருக்காது, மண்ணும் இறுகாது. ஐந்து சென்டில் 12 பாத்திகள், இடையில் ஒன்றரை அடி நடைபாதை, ஒரு சிறிய பந்தல், ஓர் எருக்குழி ஆகியவை அமையும். ஒவ்வொரு நடவுக்கு முன்பும் ஒரு பாத்திக்கு 25 கிலோ மக்கிய உரம் இடவும்.

ஆடிப்பட்டம்: கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, கொத்தவரை, பந்தலில் புடலை, பீர்க்கு, பாகல், அவரை.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: சின்ன வெங்காயம், முள்ளங்கி, செடி அவரை, கொத்தமல்லி, வெந்தயக் கீரை. மழை நீர் தேங்காமல் பாத்தியை அரை அடி உயர்த்தவும்.

தைப்பட்டம்: வெண்டை, தட்டைப்பயறு, வெள்ளரி, பூசணி, தண்டுக்கீரை.

சித்திரை, வைகாசி: நான்கு பாத்திகளில் மட்டும் கீரை, கொத்தவரை, வெண்டை. மற்ற எட்டுப் பாத்திகளையும் காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடுங்கள். கோடை மழை கிடைத்ததும் மூடாக்கை ஒதுக்கிவிட்டுச் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதையுங்கள். சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி மண்ணில் புதைத்து, 15 நாள் கழித்து நடவு செய்யலாம். கோடையில் ஓய்ந்திருக்கும் பாத்திகள் ஆடி நடவுக்கு உரத்தோடு தயாராகிவிடும்.

கீரையை ஒரே நாளில் முழுப் பாத்தியிலும் விதைக்காதீர்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கால் பாத்தி வீதம் விதைத்தால் வாரந்தோறும் கீரை கிடைக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்த பாத்தியில் அடுத்தும் அதே குடும்பப் பயிரை வைத்தால் நூற்புழுவும் வாடல் நோயும் பெருகும். இடையில் ஒரு பயறு வகையோ கீரையோ வரட்டும். பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி நடுவது நூற்புழுவைக் குறைக்கும். நாற்று நடும்போது வேரை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்த நீரில் 20 நிமிடம் நனைத்து நடவும்.

ஜீவாமிர்தம்

ஏக்கருக்கு 200 லிட்டர் என்பதால் பத்து சென்டுக்கு 20 லிட்டர் போதும். 20 லிட்டர் நீரில் 1 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 1 லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் பயறு மாவு, மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேர்த்து நிழலில் வைக்கவும். காலை, மாலை கலக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாசன நீருடன் விடலாம். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பஞ்சகவ்யா தெளிப்பதானால் 10 லிட்டர் நீருக்கு 300 மி.லி. அளவு.

பயிர் பாதுகாப்பு

வயலில் பயன்படுத்தும் தெளிப்பானைத் தோட்டத்துக்கு எடுத்து வராதீர்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் சிறிது மருந்து தங்கும். 2,4-டி மிகச் சிறிதளவு இருந்தாலே தக்காளி இலை சுருண்டு செடி கெடும். தோட்டத்துக்கென ஒரு சிறு கைத்தெளிப்பான் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலி மருந்து டப்பாவை நீர் ஊற்றவும் பயன்படுத்தக் கூடாது.

பூச்சியைக் கண்டதும் நஞ்சு தெளிப்பது ஏன் தேவையில்லை என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியே சாட்சி. 2008-ல் கோவைப் பகுதியில் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பல பயிர்களை அழித்தது. உடல் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் பூச்சிக்கொல்லிகள் சரியாக வேலை செய்யவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய குளவி, இங்கு பெருக்கி வயல்களில் விடப்பட்டது. மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. மருந்து அடித்தால் முதலில் சாவது இத்தகைய குளவிகளும் பொறிவண்டுகளும்தான். எனவே மாவுப்பூச்சி தென்பட்டால் தாக்கிய இலையைக் கிள்ளி அகற்றி, வேகமாக நீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

கத்தரியில் வாடித் தொங்கும் நுனித்தண்டுகளை வாரம் ஒருமுறை வெட்டி அழித்தால் தண்டு, காய்த் துளைப்பான் குறையும். வெண்டையில் நரம்பு மஞ்சளான செடியை உடனே பிடுங்குங்கள். வெள்ளை ஈ அதை மற்ற செடிகளுக்குப் பரப்பும். கொய்யா, பாகல், பீர்க்கில் பழ ஈ தாக்கிக் கீழே விழும் காய்களைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்கவும். கொய்யாப் பிஞ்சுகளுக்குக் காகித உறை கட்டலாம். வளையப்புள்ளி நச்சுயிரி தாக்கிய பப்பாளியை வேரோடு அகற்றுங்கள்; பப்பாளிக்கு அருகில் பூசணி, சுரை வேண்டாம்.

சாறு உறிஞ்சும் பூச்சியும் இலை தின்னும் புழுக்களும் மிகுந்தால் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளிக்கலாம். 500 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

முதல் கோடை

பங்குனி தொடங்கும் முன் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் நான்கு அங்குல உயரம் மூடாக்கு போடுங்கள். தண்டிலிருந்து அரை அடி தள்ளியே இருக்கட்டும். கன்றிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், அடியில் துளையிட்டுத் திரி செருகிய பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால் வேருக்கு நேரடியாக ஈரம் கிடைக்கும். தண்ணீர் மிகக் குறைந்துவிட்டால் முதலில் காய்கறிப் பாத்திகளைக் கைவிடுங்கள். காய்கறியை அடுத்த பட்டத்தில் மீண்டும் விதைத்துக்கொள்ளலாம்; காய்ந்துபோன மாங்கன்றுக்கு மறுபடி நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை இயற்கை விளைபொருள் என்று விற்க விரும்பினால், பக்கத்து விவசாயிகளுடன் குழுவாகச் சேர்ந்து பி.ஜி.எஸ். இந்தியா பங்கேற்புச் சான்று பெறலாம். இரகத் தேர்வு, உயிர் உரங்கள், மண் பரிசோதனை ஆகியவற்றுக்கு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் அணுகுங்கள். அங்கே போகும் முன், உங்கள் வீட்டில் சித்திரை மாதத்தில் தினமும் எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எத்தனை பாத்தி, எத்தனை மரம் என்பதை அதை வைத்தே சரியாகச் சொல்ல முடியும்.