கண் அசைந்தால் மனம் ஆறுமா? இஎம்டிஆர் சிகிச்சையின் கதை

ஒரு சிகிச்சை பலன் தருது. ஆனா அதுக்குச் சொல்லப்படும் காரணம் சரியில்லைன்னா என்ன செய்வது? மனநல மருத்துவ வரலாறு படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். இஎம்டிஆர் அதற்கு நல்ல உதாரணம்.

1987-ல் அமெரிக்காவில் பிரான்சின் ஷாப்பிரோ என்ற உளவியல் மாணவி பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். மனதை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்கள் தானாக வலுவிழந்ததைக் கவனித்தார். அப்போது தன் கண்கள் வேகமாக இங்குமங்கும் அசைந்ததாகவும், அதுதான் காரணம் என்றும் நினைத்தார். 1989-ல் 22 பேரிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். அவர்களில் வியட்நாம் போர் வீரர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் இருந்தார்கள். முறை எளிது: கொடுமையான நினைவை மனதில் நிறுத்தி, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். ஒரே அமர்வில் வேதனை வெகுவாகக் குறைந்தது என்றார்.

அறிவியல் உலகம் இதைச் சும்மா விடலை. 1995-ல் ஜெரால்ட் ரோசன், தன் கண் அப்படி அசைவதை ஒருவரால் உணரவே முடியாதே என்று பூங்கா கதையையே சந்தேகித்தார். 1999-ல் ரிச்சர்ட் மெக்நாலி இதை 18-ம் நூற்றாண்டின் மெஸ்மரிசத்தோடு ஒப்பிட்டார். 2001-ல் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட்சனும் பார்க்கரும், சிகிச்சை பலன் தருகிறது, ஆனால் கண்ணை அசைப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள். அப்ப குணப்படுத்தியது எது? பயந்து ஒதுக்கிய நினைவைப் பாதுகாப்பான இடத்தில் நேருக்கு நேர் பார்த்ததுதான் என்பது விமர்சகர்களின் பதில்.

கதை அதோடு முடியலை. 2013-ல் லீ, கைபர்ஸ் இருவரும் 26 ஆய்வுகளைத் தொகுத்து, கண் அசைவுக்கும் பங்கு உண்டு என்றார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்குப் பிடித்தது: ஒரே நேரத்தில் நம் மனம் தாங்கும் சுமைக்கு ஓர் அளவு உண்டு. நினைவைப் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்தால், நினைவின் காட்சி மங்கிவிடுகிறது. எண்களைத் தலைகீழாக எண்ணினாலும் இது நடக்கிறது. ஆக, கண்ணில் தனி மந்திரம் ஏதுமில்லை.

அதே 2013-ல் உலக சுகாதார நிறுவனம், அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு இஎம்டிஆரையும் பரிந்துரைத்தது. காரணம் பற்றிய சண்டை தீரும்வரை, தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவரால் காத்திருக்க முடியாதில்லையா?

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். புள்ளி ஓடும் வீடியோவை வச்சு வீட்டிலேயே இதைச் செய்து பார்க்காதீங்க. கிளறிய நினைவைத் தாங்கிப்பிடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே இருக்கணும்.