பேர் குடுத்தால் பிடிப்பாங்களோ?

2021 தையில் எங்கள் பிளேஸ்டோவுக்குக் கிட்ட, எக்செல் மண்டபத்தில் கொரோனாத் தடுப்பூசி நிலையம் திறந்தார்கள். 2020 பங்குனி, சித்திரைக் கணக்கில், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் கொரோனா இறப்பு வீதம் ஆகக் கூடிய இடம் எங்கள் நியூஹாம்: இலட்சத்துக்கு 144. இருந்தும் விசா இல்லாத துப்புரவுத் தொழிலாளி ஒருவர், “அண்ணை, பேர் குடுத்தால் பிடிப்பாங்களோ?” என்று என்னிடம் கேட்டார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. தமிழும் படிப்பித்த லண்டன் சோவாஸ் கல்லூரியில், துப்புரவுத் தொழிலாளர் போராடிச் சம்பள உயர்வு பெற்றிருந்தார்கள். 2009 ஆனியில், கூட்டம் என்று அழைத்த இடத்தில் குடிவரவு அதிகாரிகள் அவர்களைச் சுற்றி வளைத்தார்கள். ஒன்பது பேர் தடுத்து வைக்கப்பட்டனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். விரிவுரையாளர் சங்கமும் மாணவர்களும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். போராட்டம் ஓயவில்லை. 2018இல் அங்குள்ள துப்புரவுத் தொழிலாளர் கல்லூரியின் நேரடி ஊழியர் ஆனார்கள்.

2021 மாசியில் அரசாங்கம், தடுப்பூசி எல்லோருக்கும் இலவசம், விசாவைச் சோதிக்கமாட்டோம் என்று அறிவித்தது. கணக்காளனான நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. “நானும் கூட வாறன்” என்ற பிறகுதான் வெளிக்கிட்டார். அறிவித்தலை அரசாங்கம் தரும். துணைக்கு நாங்கள்தான் போகவேண்டும்.