வீட்டு இன்வெர்ட்டர் சேமக்கலம்: மின்னேற்றமும் பராமரிப்பும் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

2012இல் தமிழ்நாட்டின் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. இன்வெர்ட்டர் நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது அந்தக் காலத்தில்தான். இன்று மின்வெட்டு குறைந்துவிட்டது. ஆனாலும் பேட்டரி சில ஆண்டுகளில் கெட்டுத்தான் போகிறது. அன்று பட்டினியால் கெட்டது, இன்று ஓயாத ஊட்டலால் கெடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட ட்யூபுலர் வகைக் காரீய அமிலச் சேமக்கலத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். லித்தியம் வகைக்கு இலக்கணம் வேறு.

2. மின்னேற்றத்தின் இயல்பு

2.1 அடிப்படை

1859இல் பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே செய்து காட்டிய காரீயச் சேமக்கலத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது சல்பேட் கரைந்து, அமிலம் மீண்டும் அடர்கிறது. படிந்த சல்பேட்டை நாட்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்டிப் படிகமாகிறது. பிறகு எந்தச் சார்ஜராலும் அதை முழுதாகக் கரைக்க முடியாது.

2.2 மூன்று நிலைகள்

நல்ல சார்ஜர் முதலில் ஏறக்குறைய 15 ஆம்பியர், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, மின்னோட்டத்தைத் தருகிறது. மின்னழுத்தம் 14.4 வோல்ட் அருகே வந்ததும் அதை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டம் தானாகக் குறைய விடுகிறது. கடைசியாக மிதவை மின்னழுத்தம் எனப்படும் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கி, இழப்பை மட்டும் ஈடுசெய்கிறது. பெரும்பாலான வீடுகளில் இன்று பேட்டரி தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிப்பது இந்த மூன்றாம் நிலையில்தான்.

2.3 வெப்பம்

மேலே சொன்ன எண்கள் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. ஒரு டிகிரி கூடினால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். மே மாதத்து வேலூரில் மாடிப்படிக்கடியில் 40 டிகிரி இருக்குமானால், 13.7 என்பது 13.4 ஆக வேண்டும். வெப்ப உணரி இல்லாத கருவிக்கு இது தெரியாது. அது மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே அளவையே ஊட்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவிதி. ஆகவே மேற்குச் சுவரோரம் பேட்டரியை வைப்பவர், நிறுவிய அன்றே ஆயுளில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

3. நிறுவுதல்

காற்றோட்டம் முதல் தேவை. மின்னேற்றம் முடியும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே பொறி பட்டு வெடிக்கக்கூடும். அழகுக்காகப் பேட்டரியைக் கதவுள்ள மர அலமாரிக்குள் பூட்டுவதும், விளக்கெரியும் பூஜை அறையின் மூலையில் வைப்பதும் இந்த ஒரு காரணத்தாலேயே தவறு.

அடுத்தது கேபிள். எலக்ட்ரீஷியன்கள் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. 600 வாட் சுமைக்கு 12 வோல்ட் பக்கத்தில், இழப்பையும் சேர்த்து, சுமார் 60 ஆம்பியர் ஓடும். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 மில்லி ஓம். பேட்டரி ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர இரண்டு மீட்டர் கம்பியில் இழப்பு 0.13 வோல்ட். நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் அது அரை வோல்ட்டைத் தாண்டும். பேட்டரியில் மின்சாரம் மிச்சமிருக்கும்போதே கருவி ‘லோ பேட்டரி’ என்று கூவுவதற்கு இது ஒரு காரணம். பால்கனியில் பேட்டரி, ஹாலில் இன்வெர்ட்டர் என்று பிரித்து வைப்பவர்கள் இன்னும் தடித்த கம்பி போட வேண்டும்.

4. பராமரிப்பு

4.1 நீர்

நீர்மட்டம் காட்டும் மிதவை கீழ்க்கோட்டுக்கு இறங்குமுன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மின்னேற்றத்தின்போது திரவமட்டம் உயரும் என்பதால் முழுதாக ஏறிய பிறகே நிரப்புவது முறை. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். அமிலம் ஊற்றவே கூடாது, ஆவியாகிப் பிரிந்துபோவது நீர்தான். கேன் தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கும். சிக்கனமாகப் பிடித்துவைக்கும் ஏசி தண்ணீரோ குழாயின் உலோகத்தையும் தூசியையும் சுமந்து வருகிறது.

4.2 முனைகள்

டெர்மினலில் பூக்கும் பச்சை வெள்ளைப் படிவத்தை, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, கேபிளைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவ வேண்டும். கரைசல் மூடித் துளைக்குள் இறங்கக் கூடாது. உலர்ந்தபின் இறுக்கி வாஸ்லின் தடவினால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற கை, அன்றைக்காவது ஒரு ஸ்பேனரையும் எடுக்கலாம்.

5. இருவகைக் கேடு

2012இன் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மின்விசிறி, சில விளக்குகள், ஒரு தொலைக்காட்சி என்றால் பேட்டரியிலிருந்து மணிக்கு 20 ஆம்பியர்-மணி போகும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகிற மின்சாரத்தில், சார்ஜர் தந்தது 15. வீடு எடுத்தது 20. பேட்டரி நிரம்பவே இல்லை. சல்பேட் கெட்டியானது.

இன்றைய கேடு இதற்கு நேர் எதிர். மாதக்கணக்கில் வேலையே இல்லாமல் மிதவை மின்னழுத்தத்தில் நிற்கும் பேட்டரியில் நீர் மெல்லக் குறைகிறது. நேர்மின் தகட்டின் காரீயத் தண்டு அரிக்கப்படுகிறது. அமிலம் கலங்காமல் அடியில் கனத்தும் மேலே நீர்த்தும் பிரிந்து நிற்கிறது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, பேட்டரியில் வீட்டை ஓட்டி, பாதி தீருமுன் மீண்டும் ஏற்றினால் அந்த முழு மின்னேற்றத்தில் எழும் குமிழிகள் அமிலத்தைக் கலக்கிவிடும். பேட்டரியின் உண்மை நிலையும் அன்றே தெரிந்துவிடும். பிறகு ஹைட்ரோமீட்டரை ஆறு அறைகளிலும் விட்டுப் பார்க்கலாம். ட்யூபுலர் வகையில் முழு ஏற்றத்துக்கு ஒப்படர்த்தி 1.240 அருகில் இருக்கும். ஆறில் ஒன்று மட்டும் பெரிதும் தாழ்ந்திருந்தால் அந்த அறை பழுது. சார்ஜரைக் குறை சொல்லிப் பயனில்லை.

6. அகற்றல்

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது நல்லது. தூக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அமிலத்தைச் சாக்கடையில் கொட்டுவது குற்றமும்கூட. அதில் காரீயமும் கலந்திருக்கிறது.