ஒன்றுகள் மட்டுமே கொண்ட எண்

பகா எண்களின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இரவு 1952 ஜனவரி 30. அன்று பத்து மணி வாக்கில், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் கணினி 2⁵²¹−1 ஒரு பகா எண் என்று காட்டியது. நள்ளிரவுக்குள் 2⁶⁰⁷−1 என்பதும் கிடைத்தது. பிரான்சின் எத்வார் லூக்கா 1876-இல் கைக்கணக்காகவே 2¹²⁷−1 பகா எண் என்று நிறுவியிருந்தார். இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். லூக்காவினுடையதைவிடப் பெரிய மெர்சென் பகா எண் அந்த இரவு வரை யாருக்கும் அகப்படவில்லை.

நிரலை எழுதியவர் பெர்க்லி கணிதப் பேராசிரியர் ரஃபேல் ராபின்சன். ஸ்வாக்கை அவர் பார்த்ததுகூடக் கிடையாது. கையேட்டைப் படித்தே எழுதினார். அது முதல் தடவையே பிழையில்லாமல் ஓடியது. நிரல் எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது மெய்சிலிர்க்கும்.

ஸ்வாக்கின் நினைவகம் மொத்தமே 256 சொற்கள், சொல்லுக்கு 37 பிட். அதற்குள் 157 இலக்க எண்ணைச் சோதிக்க முடிந்ததற்குக் காரணம் அடிமானம். இரும முறையில் 7 என்பது 111, 31 என்பது 11111. 2⁵²¹−1 என்பது வரிசையாக 521 ஒன்றுகள். பதின்மத்தில் 9-ஆல் வகுத்த மீதியை இலக்கங்களைக் கூட்டியே கண்டுபிடிக்கிறோம் அல்லவா? இருமத்தில் இந்த எண்களால் வகுத்த மீதிக்கும் அதே வழிதான், வகுத்தலே வேண்டாம்.

லூக்கா தொடங்கி, கணிதவியலாளர் லேமர் செம்மைப்படுத்திய சோதனையை 31-க்குச் செய்து பாருங்கள். 4-இல் தொடங்கி, வர்க்கித்து 2 கழித்து, 31-ஆல் வகுத்த மீதியை எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதலில் 14, அடுத்து 194. இருமத்தில் 194 என்பது 11000010. கடைசி ஐந்து இலக்கங்களை வெட்டி, மிஞ்சிய 110-உடன் கூட்டினால் 1000, அதாவது 8. எட்டின் வர்க்கத்தில் 2 போனால் 62. அது 31-இன் மடங்கு. மீதி பூஜ்யம், ஆகவே 31 பகா எண். ராபின்சனின் நிரலும் இதைத்தான் செய்தது, 521 இலக்க நீளத்தில்.

அதே ஆண்டு அக்டோபருக்குள் ஸ்வாக் இன்னும் மூன்றைக் கண்டுபிடித்தது. கடைசியான 2²²⁸¹−1 என்பதற்கு 687 இலக்கங்கள்.

1994-இல் ரிச்சர்ட் கிராண்டலும் பேரி ஃபேகினும் இன்னும் துணிந்து, விகிதமுறா எண்ணையே அடிமானமாக வைத்துப் பெருக்கும் முறையை வெளியிட்டார்கள். அதில் இந்த வெட்டிக் கூட்டும் வேலை பெருக்கலோடு தானாகவே முடிந்துவிடுகிறது. 2024-இல் கிடைத்த, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களைத் தாண்டிய மெர்சென் பகா எண் வரை அந்த முறைதான் கைகொடுத்து வருகிறது.