நீலப் பொத்தானுக்குப் பக்கத்துப் புள்ளிகள்

கம்பத்திலோ சின்னமனூரிலோ ஓட்டுப் போட்டவர்களின் கண்ணில் அது பட்டிருக்கும். வாக்குப்பதிவு இயந்திரத்தில், நீலப் பொத்தானை ஒட்டி மேடாகச் சில புள்ளிகள். நம் பார்வை சின்னத்தைத் தேடி ஓடுவதால் அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. பாரிஸில் கிளம்பிய அந்தப் புள்ளிகள், பாளையங்கோட்டையைத் தொட்டு, ஹைதராபாத் வழியாகத் தேனிக்கு வந்து சேர்ந்தன. அவை தீர்க்க வந்த சிக்கல் பிறந்ததோ ஆஸ்திரேலியாவில்.

பிரிட்டனில் 1872 வரை ஓட்டு என்பது வாயால் சொல்வது. மேடையேறி, இன்னாருக்கு என் வாக்கு என்று ஊரறியச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரும் கடன் கொடுத்தவரும் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கொடுமையான முறைதான், ஆனால் பார்வையற்றவருக்கும் மற்றவருக்கும் அதில் எந்த வித்தியாசமும் இல்லை. 1856-இல் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் இரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தன. அதைப் பார்த்து பிரிட்டனும் 1872-இல் சட்டம் போட்டது. ஓட்டுக்கு இரகசியம் வந்தது, ஆனால் பார்வையற்றவருக்கு அது கிடைக்கவில்லை. அவருக்காகத் தேர்தல் அலுவலரே குறியிடுவார் என்று அதே சட்டம் சொன்னது.

அந்த விதியின் வாரிசு நம்மிடமும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி, 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். யாருக்கு ஓட்டு என்பதை வெளியே சொல்லமாட்டேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். மகனோ மருமகளோ நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனாலும் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு கட்சி இருக்கும் நம் ஊரில், மகனுக்குத் தெரியாமல் ஓட்டுப் போடும் உரிமை அப்பாவுக்கு வேண்டாமா? இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

புள்ளிகளுக்கு வருவோம். சார்ல் பார்பியே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, விளக்கில்லாமல் விரலால் படிக்கப் பன்னிரண்டு புள்ளிகளில் ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அது பாரிஸின் பார்வையற்றோர் பள்ளிக்கு வந்தபோது, லூயி பிரெய்ல் என்ற மாணவர் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்தார். ஒரு விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகள். 1829-இல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 20. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்; தமிழ் எழுத்துகள் புள்ளிகளாக மாறிய இடங்களில் அதுவும் ஒன்று. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது.

வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பார்வையற்றவருக்காக யாரும் உருவாக்கவில்லை. 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட இயந்திரம் அது. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் நம் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு. அதில் எதிர்பாராத ஒரு நன்மை இருந்தது: ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரிசை, ஒரு பொத்தான், இரண்டும் இடம் மாறாது. பக்கத்தில் எண்ணைப் புள்ளிகளாக ஒட்டினால் போதும். 2004-இல் ஜாவேத் அபிதியின் மாற்றுத்திறனாளி உரிமைக் குழு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், வாக்குச்சாவடிகளில் சாய்தளம் அமைக்க உத்தரவு பெற்றது. அதே ஆண்டு ஹைதராபாத் ஆசிஃப் நகர் இடைத்தேர்தலில் பிரெய்ல் ஒட்டிய இயந்திரம் சோதிக்கப்பட்டது. 2006-இல் தமிழ்நாட்டில் ஒரே ஒரு தொகுதிக்கு வந்தது. 2009 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பரவியது. பழைய பெரியகுளம் மக்களவைத் தொகுதி போய், தேனி என்ற பெயரில் முதல் ஓட்டு விழுந்ததும் அந்தத் தேர்தலில்தான்.

வேலை நடக்கும் விதம் எளிது. சாவடிக்குள் போனதும் பிரெய்லில் அடித்த மாதிரி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். பெயரையும் அதன் எண்ணையும் தடவிப் படித்துக்கொண்டு மறைவிடத்துக்குப் போக வேண்டும். பிரெய்லில் 1 என்பது ஒரு புள்ளி; 2 என்றால் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு; 3 என்றால் பக்கம் பக்கமாக இரண்டு. விரல் எண்ணைக் கண்டுபிடிக்கும், பொத்தானை அழுத்தும், நீளமாக ஒரு பீப் ஒலிக்கும். அந்த ஓட்டு யாருக்கு என்று உலகில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த மாதிரிச் சீட்டின் அருமை பிரிட்டனைப் பார்த்தால் புரியும். அங்கே சீட்டின் மேல் ஒட்டும் எண்ணிட்ட பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்தார்கள். எந்த எண் யாருடையது என்று அது சொல்லாது. அது சட்டப்படி போதாது என்று 2019-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பக்கமும் ஓட்டைகள் உண்டு. பிரெய்ல் படிக்கத் தெரியாத பார்வையற்றோர் ஏராளம். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழுகிறது. அதைப் படிக்க முடியாதவர் தன் ஓட்டைச் சரிபார்க்க வழியே இல்லை. அமெரிக்காவில் ஹெட்போனில் கேட்டு வாக்களிக்கும் இயந்திரங்களுக்கு 2002-இலேயே சட்டம் வந்துவிட்டது.

நம்மூருக்கு நெருக்கமான சிக்கல் இன்னொன்று. போடி மலைக்கிராமங்களுக்கு இயந்திரம் குதிரை முதுகில் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் நடக்க முடியாதவருக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வந்த வீட்டு வாக்கு பெரிய வரம். 40 சதவீத ஊனம் இருந்தால் 12டி படிவம் கொடுக்கலாம். அலுவலர்கள் வீட்டுக்கே வருவார்கள், வீடியோவும் எடுப்பார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவருவது காகித அஞ்சல் வாக்குச்சீட்டு. பார்வையற்றவர் அதைக் கேட்டு வாங்கினால் திரும்பவும் வேறொருவர் கையில்தான் ஓட்டு, 1872-இல் இருந்ததைப் போல. கானாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, வாக்குச்சீட்டைச் செருகித் தடவிக் குறியிடத் துளையிட்ட அட்டை உறையைப் பயன்படுத்தினார்கள். அப்படி ஓர் உறையும், சாவடியில் தரும் அதே பிரெய்ல் மாதிரிச் சீட்டும் வீட்டுக்கு வரும் அலுவலர் பையில் இருந்தாக வேண்டும்.